பாறை உச்சியில் பஸ்ஸுக்கு நிற்பவன்

ஒருத்திக்குப் படம் வரைய வரும் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் போதும், அப்புறம் அவளை நிம்மதியாக இருக்க விடமாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் வகுப்பு மொத்தத்துக்கும் விலங்கியல் ரெக்கார்டு நோட்டில் அவள்தான் தவளையின் இதயம் வரைய வேண்டும். செம்பருத்தியின் குறுக்குவெட்டு வேண்டுமா, அவளிடம் கொடு. ஆண்டுவிழா மேடைக்குத் தெர்மாகோலில் மயில் வேண்டுமா, அவளைக் கூப்பிடு. பெரம்பூரில் பிருந்தா படித்த பள்ளியில் கரப்பான்பூச்சியின் ஜீரண மண்டலம் என்றால் அது பிருந்தா வரைந்ததுதான். மதிப்பெண் மட்டும் அவரவருக்கு. யாராவது நோட்டை நீட்டினால் அவள் கை தானாகவே பென்சிலைத் தேடும். நல்ல குணம், பெரிய மனசு என்று எல்லாரும் சொல்லிச் சொல்லியே வளர்த்துவிட்டார்கள். அது எவ்வளவு பெரிய வம்பு என்று தெரிந்துகொள்ள அவள் ஜெர்மனி வரைக்கும் வர வேண்டியிருந்தது.

எர்லாங்கனுக்கு அவள் வந்தது 2004இல், ஜெயகாந்தைக் கட்டிக்கொண்டு. அவன் அந்த ஊரின் பெரிய நிறுவனம் ஒன்றில் பொறியாளன். காலையில் சைக்கிளில் போய் மாலையில் சைக்கிளில் வருவான். நல்லவன், சண்டை போடத் தெரியாதவன். பிருந்தா சென்னையில் ஓவியக் கல்லூரியில் பட்டம் வாங்கியவள். பக்கத்து நகரத்திலிருந்த கலைக்கல்லூரியில் மேற்கொண்டு படிக்க வேண்டும், அது ஒன்றுதான் அவள் குறி. முதல் வருடம் தன் படங்களை ஒரு கட்டாகக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"மனிதர்கள் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் எங்கே நிற்கிறார்கள்? காலுக்குக் கீழே தரையே இல்லையே" என்றார்களாம்.

பிருந்தா மூன்று நாள் பொருமினாள். பொருமி முடித்த பிறகு அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. சென்னையில் நான்கு சுவருக்குள் ஒரு ஆளை ஸ்டூலில் உட்கார வைத்து வரைந்து பழகியவள். மனிதர்கள் அவளுக்கு அத்துப்படி. மரம், பாறை, பள்ளத்தாக்கு எதுவும் கையில் ஏறவில்லை. அந்தக் கல்லூரியில் இரண்டு தடவைதான் விண்ணப்பிக்கலாம். ஒன்று போய்விட்டது. மிச்சமிருந்த ஒன்றில் தோற்றால் கதை முடிந்தது.

அதனால்தான் அவள் சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தாள். ஊர்க்காரர்களுக்காக நகரசபை நடத்தும் பயிற்சிக்கூடத்தில், இருநூறு வருடத்துக்கு முந்தைய பாணியில் இயற்கைக் காட்சி வரையும் வகுப்பு. சொல்லித் தந்தவர் வென்ட்லர் என்ற தாடிக்காரர். எர்லாங்கனுக்கு வடக்கே பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் ஒரு பாறைக்காடு வருகிறது. சுவிட்சர்லாந்து அங்கே எங்குமே இல்லாவிட்டாலும் அதற்குப் பெயர் ஃபிராங்கன் நாட்டு சுவிட்சர்லாந்து. அங்கேதான் வகுப்பைக் கூட்டிக்கொண்டு போவார். காட்டின் வாசலில் கார் நிறுத்துமிடம், பத்தடிக்கு ஒரு வழிகாட்டிப் பலகை, உட்கார பெஞ்சு, பெஞ்சுக்குப் பக்கத்தில் குப்பைத் தொட்டி. "இதோ, கட்டுக்கடங்காத இயற்கை!" என்று வென்ட்லர் கையை விரிப்பார். பிருந்தாவுக்குச் சிரிப்பை அடக்க உதட்டைக் கடிக்க வேண்டியிருக்கும்.

ஆனால் மனிதர் விஷயம் தெரிந்தவர். அந்தக் காலத்து ஜெர்மன் பையன்கள் நோட்டும் பென்சிலுமாக இந்த மலைகளுக்குள் நடந்தே வந்தார்களாம். மலையைப் பார்த்தால் நம்ம ஊர்க்காரன் ஏறிப்போய் உச்சியில் ஒரு வேல் நட்டுக் கும்பிட்டுவிட்டு வருவான். இவர்கள் ஏறிப்போய் நின்று பார்த்தார்கள். சும்மா பார்த்தால் போதாதென்று, அப்படி நின்று பார்க்கிறவனையும் சேர்த்து வரைந்தார்கள். பெரிய பாறை, கோணல்மாணலான மரங்கள், கீழே பனி மூட்டம், அதற்கு நடுவில் விரற்கடை உயரத்தில் ஒருவன். நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் ஒரு தடியோடு, பள்ளத்தின் விளிம்பில். வென்ட்லரின் சட்டமும் அதேதான். முதலில் பாறை, பிறகு மரம், கடைசியில் மனிதன். அந்த மனிதன் இல்லாத தாளை அவர் வாங்க மாட்டார்.

அங்கேதான் வகுப்புக்கு உதைத்தது. ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர் ஒருவர், வங்கியில் வேலை பார்த்த இரண்டு அக்கா தங்கைகள் என்று எல்லாரும் ஓரளவு பாறை வரைவார்கள். மனிதன் என்று வந்தால் ஒன்று தீக்குச்சி, இல்லாவிட்டால் உருளைக்கிழங்கு மூட்டை. பிருந்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மக்டலீனுக்கும் அதே கதிதான். இவளைவிட மூன்று வயது சின்னவள், சிவந்த மூக்கும் கம்பளித் தொப்பியுமாக எப்போதும் ஜலதோஷம் பிடித்த மாதிரி இருப்பாள். அவளும் அதே கலைக்கல்லூரிக்குத்தான் விண்ணப்பிக்கப் போகிறாள். முதல் சனிக்கிழமையே, தன் மூட்டை மனிதனைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், பிருந்தாவிடம் உதவி கேட்டாள். பிருந்தா அவள் கையிலிருந்த பென்சிலை வாங்கினாள். மூட்டையை அழித்தாள். ஒரு காலில் பாரத்தைப் போட்டு, இன்னொரு முழங்காலைத் தளர்த்தி, தலையை மட்டும் லேசாக இடப்பக்கம் திருப்பி ஒருவனை நிறுத்தினாள். தொப்பியும் தடியும் வென்ட்லருக்காக. தோசை திருப்பும் நேரம்தான் ஆகியிருக்கும்.

வகுப்பே வந்து கூடிவிட்டது.

உண்மையில் அவன் யார் என்றால், பெரம்பூர் பஸ் நிறுத்தத்தில் 29சி வருகிறதா என்று எட்டிப் பார்க்கிற ஆசாமி. கல்லூரிக் காலத்தில் தினமும் நிறுத்தத்தில் நின்று அவர்களைத்தான் வரைந்து தள்ளியிருந்தாள். பஸ்ஸுக்கு நிற்கிறவனுடைய முதுகை பிருந்தா தூக்கத்தில்கூட வரைவாள். வந்துவிடுமோ என்ற நப்பாசை கழுத்தில் இருக்கும், வராது என்ற சலிப்பு இடுப்பில் இருக்கும். வென்ட்லர் அந்தத் தாளைத் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எல்லையற்றதை நோக்கிய ஏக்கம்!" என்று நெகிழ்ந்துபோனார். மக்டலீன் பிருந்தாவைப் பார்த்தாள். பிருந்தா பென்சிலைச் சீவ ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் மருந்துக்கடைக்காரர் தாளை நீட்டினார், அக்கா நீட்டினாள், தங்கை நீட்டினாள். ஒருவருக்குப் போட்டுவிட்டு இன்னொருவருக்கு எப்படி மாட்டேன் என்பது? ஒருவனுக்குக் குடை கொடுத்தாள், ஒருத்திக்கு முக்காடு கொடுத்தாள், ஜோடியாகக் கேட்டவர்களுக்கு ஜோடியாகவும் நிறுத்தினாள். மக்டலீனுக்கு மட்டும் ஒரு கட்டு நிறையப் போட்டுக் கொடுத்திருப்பாள். அவள் பாறைகளை உண்மையிலேயே நன்றாக வரைந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். பிருந்தாவுடைய தாள் பாதி வெள்ளையாகவே வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

ரொட்டிக்கடையில் வேலை பார்க்கும் குணேஸ்வரி அக்காவிடம்தான் இதை வாய்விட்டுச் சொன்னாள். யாழ்ப்பாணத்துக்காரி, எண்பதுகளிலேயே வந்தவள். கதையைக் கேட்டதும் ரொட்டி வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நீர் என்ன விசரே பிருந்தா? படிக்கிறதுக்குக் காசு கட்டிப் போட்டு, அவைக்கு ஆள் கீறிக் குடுத்துக்கொண்டு நிக்கிறீர்?"

"கேக்கறாங்கக்கா. எப்படி முடியாதுன்னு சொல்றது?"

"ஏலாது எண்டு சொல்லும். இஞ்ச அப்பிடிச் சொன்னா ஒருத்தரும் கோவிக்க மாட்டினம். நான் வந்த புதுசில எல்லாத்துக்கும் ஓம், ஓம் எண்டு தலையாட்டி, மூண்டு பேற்ற வேலையைத் தனிய செய்தனான். பிறகுதான் விளங்கினது, ஓம் எண்டா அவை அதை உள்ளபடி ஓம் எண்டுதான் எடுக்கினம்."

பிருந்தா அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் ஜெயகாந்திடம், அடுத்த வாரம் முடியாது என்று சொல்லிவிடப் போவதாக அறிவித்தாள். அவன் பருப்பு தாளித்துக்கொண்டிருந்தான்.

"எதுக்கு இஷ்யூ பண்ற? வயசானவங்க, சந்தோஷப்படறாங்க. உனக்கு அஞ்சு நிமிஷ வேலை. அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

"என் ஷீட் காலியா இருக்கு, கண்ணுல படலையா?"

"வீக்டேஸ்ல போய் வரையேன். பஸ் இருக்கே."

கரண்டியைப் பிடுங்கி அவன் தலையில் போடலாமா என்று வந்தது. ஆனால் அவன் சொன்னதுதான் நடந்தது. செவ்வாயும் வியாழனும் தனியாகப் பஸ் ஏறி, குளிரில் விரல் விறைக்க, பாறைக்கு முன்னால் உட்கார்ந்தாள். மெல்ல மெல்லப் பாறை அவளுக்கு வசப்பட்டது. எந்த விரிசல் ஆழம், எது வெறும் நிழல் என்று கண்ணுக்குப் பிடிபட்டது. பங்குனி பிறப்பதற்குள் அவளிடம் ஒரு கட்டு சேர்ந்துவிட்டது. காடும் பாறையும் அவளுடையவை, முதுகு காட்டி நிற்கிற மனிதனும் அவளுடையவன். இந்த முறை அவன் காலுக்குக் கீழே தரை இருந்தது.

கடைசி வகுப்பில் ஒன்று நடந்தது. எல்லாருடைய தாள்களையும் சுவரில் குத்தி வைத்து, மூலையில் பெயர் எழுதச் சொன்னார் வென்ட்லர். பிருந்தா அவரிடம் போய், சிரித்த முகமாகவே கேட்டாள், தான் போட்ட உருவங்களுக்குப் பக்கத்தில் தன் பெயரையும் சின்னதாக எழுதலாமா என்று.

"ஓ, அந்தக் காலத்திலும் இப்படித்தான்" என்றார் அவர் உற்சாகமாக. "மலையை வரைகிறவருக்கு ஆள் வராவிட்டால், ஆள் போடுவதற்கென்று வேறு கையைக் கூப்பிடுவார்கள். நீங்கள் ஒரு பழைய மரபில் நிற்கிறீர்கள்!"

"பெயர்?"

"பெயர் நிலத்தை வரைந்தவருடையது."

அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. காது மடல் சுட சுவர் முழுவதும் பார்த்தாள். அத்தனை தாளிலும் அவளுடைய ஆட்கள் அடுத்தவன் பெயருக்குக் கீழே பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் அவளிடம் வந்து, ரொம்ப நன்றி என்று சொல்லிவிட்டு ஒரு சாக்லேட் டப்பா கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டாள். வெட்கங்கெட்ட கை!

வைகாசியில் கலைக்கல்லூரியிலிருந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். மக்டலீனையும் கூப்பிட்டிருந்தார்கள், அதே நாள், அதே காலை. நடைக்கூடத்தில் பார்த்ததும் மக்டலீன் கட்டிக்கொண்டாள். அவள்தான் முதலில் உள்ளே போனாள். திரும்பி வரும்போது இவளுடைய கண்ணைப் பார்க்காமல், "பயப்படாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள்.

உள்ளே இரண்டு பேர். மெல்லிய கண்ணாடி போட்ட ஒரு பேராசிரியர், நரைத்த முடியை ஒட்ட வெட்டிய ஒரு பேராசிரியை. நீளமான மேஜையில் பிருந்தாவின் படங்கள் வரிசையாகப் பரப்பியிருந்தன. அதற்குப் பக்கத்தில் இன்னொரு தாள் தனியாக இருந்தது. அது மக்டலீனுடைய கட்டிலிருந்து எடுத்தது. செங்குத்துப் பாறை, அதன் விளிம்பில் தொப்பிக்காரன். பிருந்தாவுக்கு அவனை அடையாளம் தெரியாதா? ஐப்பசி மழையில், குடைக்குக் கீழே உட்கார்ந்து அவள் போட்டவன்.

"உங்கள் நிலக்காட்சிகள் முன்னேறியிருக்கின்றன" என்றார் பேராசிரியர். "எங்களுக்குச் சங்கடம் தருவது இந்த உருவங்கள்தான். நின்றிருக்கும் விதம், கழுத்தின் திருப்பம். இதோ, உங்களுக்கு முன்னால் வந்தவரிடமும் அப்படியே இருக்கிறது. இருவரும் ஒரே வகுப்பு என்று இவர் சொன்னார்."

"வேறு என்ன சொன்னாள்?"

"பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்ததாகச் சொன்னார். உங்களைக் குறை சொல்லவில்லை. பார்த்துக் கற்றுக்கொள்வது இயல்புதான். ஆனால் இந்தத் தனித்து நிற்கும் மனிதன் எங்கள் மரபில் ஊறிய உருவம். அவர் கையில் அது இயல்பாக வருகிறது. உங்கள் கையில் வரும்போது அது நகல். நாங்கள் உங்களுடைய ஒன்றை எதிர்பார்க்கிறோம். உங்கள் நாட்டிலிருந்து ஏதாவது."

 அவளுடைய நாட்டிலிருந்து ஏதாவது! பெரம்பூரில் வேர்த்து விறுவிறுத்து, டிபன் கேரியரைத் தரையில் வைத்துவிட்டு, 29சியைச் சபித்துக்கொண்டு நின்றவன் எங்கே, எல்லையற்றதை ஏங்கிப் பார்க்கிற ஜெர்மன்காரன் எங்கே. தொப்பியை மாட்டிவிட்டவளும் அவள்தான், தடியைக் கொடுத்தவளும் அவள்தான். இப்போது அவள் தன் மனிதனையே திருடியவள்.

இந்த இடத்திலும் பழைய குணம் முரண்டு பிடித்தது. ரெக்கார்டு நோட்டு வரைந்தவள் ஒருநாளும் டீச்சரிடம் போட்டுக்கொடுக்க மாட்டாள், அது ஒரு எழுதாத சட்டம். சொன்னால் மக்டலீன் போய்விடுவாள். சொல்லாவிட்டால் பிருந்தா போய்விடுவாள், அதுவும் நகல்காரி என்ற பெயரோடு, மூன்றாம் தடவை கிடையாது. 

"சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா?" என்றார் பேராசிரியர், கடிகாரத்தைப் பார்த்தபடி.

அவர் கடிகாரத்தைப் பார்த்ததுதான் பொறுக்கவில்லை. பிருந்தா பையைத் திறந்தாள். சப்பாத்தி மாவு போல் பிசைந்து உருட்டுகிற சாம்பல் நிற ரப்பரை எடுத்தாள். மக்டலீனுடைய தாளை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பாறை விளிம்பில் நின்றவனைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"என்ன செய்கிறீர்கள்? நிறுத்துங்கள்!" பேராசிரியர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "அது இன்னொருவருடைய படம்!"

"பாறை அவளுடையது. அதை நான் தொடவில்லை" என்றாள் பிருந்தா, கையை நிறுத்தாமலே. "இவன் என்னுடையவன். எடுத்துக்கொண்டு போகிறேன்."

தொப்பி போனது, கழுத்து போனது, பாரம் தாங்கிய கால் போனது. கடைசியில் தடி. ரப்பரை ஒருமுறை பிசைந்து மடித்துவிட்டு அவள் கையை எடுத்தாள். பேராசிரியர் தாளைப் பிடுங்கினார். பிடுங்கியவர் அப்படியே நின்றார். பேராசிரியையும் எட்டிப் பார்த்தாள்.

பாறை சின்னதாகிவிட்டிருந்தது. ஒரு நிமிடத்துக்கு முன்னால் தலைசுற்ற வைத்த செங்குத்துப் பாறை, இப்போது வெட்டிவைத்த இஞ்சித் துண்டு மாதிரி தாளில் கிடந்தது. கோடு ஒன்றுகூட மாறவில்லை. அந்தச் சின்ன மனிதன் நின்றவரைக்கும்தான் அதற்கு உயரம் இருந்தது, ஆழம் இருந்தது, பயம் இருந்தது. அவன் இறங்கிப் போனதும் அது வெறும் கல். இயற்கை, பிரம்மாண்டம் என்று இவர்கள் கைதட்டிய அத்தனையையும் முதுகில் தூக்கிக்கொண்டு நின்றவன் அவன்தான். பிருந்தாவே அதை அன்றைக்குத்தான் பார்த்தாள். பார்த்ததும் கோபம் இன்னும் ஒரு படி ஏறியது.

"மற்றதையும் கொண்டுவாருங்கள்" என்றாள். "எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். எல்லாரையும் இறக்குகிறேன்."

பேராசிரியை அவள் கையைப் பிடித்து ரப்பரை மெதுவாக வாங்கி மேஜையில் வைத்தாள்.

"நம்புகிறேன்" என்றாள். "அவரும் இங்கே விண்ணப்பிக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிந்தே வரைந்து கொடுத்தீர்களா?"

"கேட்டாள். கொடுத்தேன்."

"யார் கேட்டாலும் கொடுப்பீர்களா?"

 பேராசிரியை பெருமூச்சு விட்டாள். எல்லாம் என் கையாலேயே வரைந்தது என்று மக்டலீன் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், அதனால் அவளுக்கு இடம் கிடையாது. போட்டி என்று தெரிந்தே அடுத்தவருக்கு வரைந்து கொடுத்தது ஏமாற்றுக்குத் துணை போனது, அதனால் பிருந்தாவுக்கும் கிடையாது. விதி அப்படி. வருத்தமாகத்தான் சொன்னாள். அந்த வருத்தத்தை வைத்துக்கொண்டு பிருந்தா என்ன செய்ய? ரப்பரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, தன் படங்களை வாரிச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

மக்டலீனை உள்ளே கூப்பிட்டார்கள். பிருந்தா காத்திருக்கவில்லை. ஆனால் நடைக்கூடத்து மூலையில் படங்களை அடுக்கிக் கட்டிக்கொண்டு அவள் படியிறங்கி முடிப்பதற்குள் பின்னால் தடதடவென்று சத்தம் கேட்டது. மக்டலீன் படங்களை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தாள். மூக்கும் கண்ணும் சிவந்திருந்தன.

"ஏன் இப்படிச் செய்தாய்?"

"நானா?" பிருந்தா திரும்பினாள். படிக்கட்டே எதிரொலித்தது. "நான் உன்னைப் பார்த்துக் காப்பியடித்தேன் என்று அவர் சொல்கிறார். நீ வாயை மூடிக்கொண்டு வந்திருக்கிறாய்! உனக்கு நாக்கு இல்லையா? அவளுடையது என்று ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லையா?"

"பயந்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டும். தப்புதான்." மக்டலீன் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுத்து வந்த குரலில் அழுகை இல்லை, ஆத்திரம் இருந்தது. "ஆனால் நான் உன்னிடம் வரைந்து கொடு என்று ஒருநாளும் கேட்கவில்லை. காட்டித் தா என்றுதான் கேட்டேன். முதல் நாள் கேட்டேன், அடுத்த வாரம் கேட்டேன், அப்புறமும் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் நீ என் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாய். நான் வரைய ஆரம்பித்தாலே உன் முகம் போகும் போக்கு எனக்குத் தெரியாதா? அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டேன்."

பிருந்தாவுக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பொய் என்று சொல்லிவிடலாம், யாரும் சாட்சி இல்லை. ஆனால் பொய் இல்லை. மக்டலீன் கேட்டது காட்டித் தரச் சொல்லித்தான். அது அன்றைக்கே தெளிவாகப் புரிந்திருந்தது. சொல்லிக் கொடுப்பதற்கு யாருக்குப் பொறுமை? போட்டுவிட்டால் வேலை முடிந்தது, நாலு பேர் கூடிப் பார்ப்பார்கள். பெரிய மனசு என்று ஊர் சொன்னதற்குள் இதுவும் ஒளிந்திருந்தது. இது புரிந்தபோது கோபம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. இப்போது அது இரண்டு பக்கமும் எரிந்தது.

"பென்சில்தானே?" என்று கத்தினாள். "அழித்திருக்கலாமே! குளிர்காலம் முழுக்க உன் வீட்டில்தானே இருந்தது? ஒருநாளாவது அவனை அழித்துவிட்டு நீயாக வரைந்து பார்த்தாயா?"

மக்டலீன் படங்களை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"உட்கார்."

"என்ன?"

"உட்கார் இங்கே!" தோளைப் பிடித்து அழுத்திப் படியிலேயே உட்கார வைத்தாள். அவள் மார்போடு அணைத்திருந்த கட்டிலிருந்து தாளை உருவினாள். பாறை இஞ்சியாகிப் போன அதே தாள்தான். அதை மடியில் போட்டு, பையிலிருந்து பென்சிலை எடுத்து அவள் விரலுக்குள் திணித்தாள். "வரை. தலையிலிருந்து ஆரம்பிக்காதே! அங்கேதான் எல்லாரும் தப்புப் பண்ணுகிறீர்கள். இடுப்பு முதலில். எந்தக் காலில் நிற்கிறான்? ஒரு காலில்தான் நிற்பான், இரண்டிலும் நின்றால் அவன் போலீஸ்காரன். அந்தக் காலுக்கு மேலே இடுப்பு தூக்கும். தூக்கு! இவ்வளவா? நொண்டியா அவன்?"

மேலே கதவு திறந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். இரண்டு மாணவர்கள் அவர்களைத் தாண்டிக்கொண்டு சுவரோரமாக இறங்கிப் போனார்கள். பிருந்தாவுக்கு யாரைப் பற்றியும் கவலை இல்லை. மக்டலீன் விசும்பிக்கொண்டே கோடு இழுத்தாள். கோடு கோணலாகப் போனது. தோள் ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம், நடுவில் முதுகு மாவு மூட்டையாக வீங்கியது.

பிருந்தாவின் வலது கை தானாக நீண்டது. ஒரே ஒரு கோடு, தோளிலிருந்து இடுப்புக்கு, கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் சரியாகிவிடும். விரல்கள் பென்சிலைத் தொடும் தூரத்துக்குப் போய்விட்டன. மக்டலீன் நிமிர்ந்து பார்த்தாள், பழக்கத்தால் பென்சிலை நீட்டவும் நீட்டினாள்.

பிருந்தா இரண்டு கைகளையும் அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டாள்.

"என்னிடம் ஏன் நீட்டுகிறாய்?" என்று சீறினாள். "அசிங்கமாக இருக்கிறது. உன்னுடையதுதானே. அழி. மறுபடியும் போடு."